முதல் பிசிபி (செம்புக் கோடுகளால் பாகங்களை இணைக்கும் சர்க்யூட் போர்டு): ஒரு ரிலே போர்டை வீட்டிலேயே செய்வது எப்படி?

செடிகளுக்குத் தண்ணீர் விடும் 12 வோல்ட் பம்பை ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிப் பலகை) மூலம் இயக்க ஒரு சிறு ரிலே போர்டு செய்வோம். ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். பாகங்கள் ஏழுதான், ஒரு பக்கச் செம்பு போதும் என்பதால் முதல் முயற்சிக்கு இது மிகவும் ஏற்றது. வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டை இந்தப் போர்டில் இணைக்கவே வேண்டாம்.

தேவையானவை: 5 வோல்ட் ரிலே (எஸ்ஆர்டி-05விடிசி-எஸ்எல்-சி), பிசி547 டிரான்சிஸ்டர், 1என்4007 டையோடு, 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 3 பின் ஹெடர், 2 பின் ஸ்க்ரூ டெர்மினல். இவற்றோடு செம்புத் தகடு ஒட்டிய போர்டு, ஃபெரிக் குளோரைடு (வேண்டாத செம்பை அரித்துக் கரைக்கும் வேதிப்பொருள்), 0.8, 1, 1.3 மி.மீ. துளை பிட்டுகள். சென்னை ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும்.

1. சர்க்யூட்

கைகேட் (KiCad), சர்க்யூட்டும் போர்டும் வரைய உதவும் இலவச மென்பொருள். அதில் 'ஏ' விசை பாகத்தைக் கொண்டுவரும், 'டபிள்யூ' வயர் வரையும். டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் பேஸ், எமிட்டர், கலெக்டர். ஆர்டுயினோ பின்னிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக பேஸ். பேஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம். ஆர்டுயினோ ரீசெட் ஆகும் நொடிகளில் பம்பு தானாக ஓடாமல் இதுதான் தடுக்கும். எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் ரிலே காயிலுக்கு, காயிலின் மறுமுனை 5 வோல்ட்டுக்கு. காயில் சுமார் 70 ஓம், அதாவது ஏறத்தாழ 71 மில்லி ஆம்பியர். பிசி547இன் வரம்பு 100 மில்லி ஆம்பியர்.

டையோடை காயிலுக்குக் குறுக்கே, கோடு போட்ட முனை 5 வோல்ட் பக்கம் இருக்கும்படி வையுங்கள். அது இல்லாவிட்டால், ரிலே அணையும்போது காயிலில் எழும் உயர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும்.

வரைந்ததை பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகிச் சோதிக்கும் துளைப் பலகை) கட்டிப் பாருங்கள். ரிலேயின் கால்கள் அந்தத் துளைகளில் சரியாக உட்காராது. சிறு வயர்களை சால்டர் செய்து இணையுங்கள்.

2. போர்டு வரைதல்

டிரான்சிஸ்டருக்கு 'டிஓ-92 இன்லைன் வைடு' ஃபுட்பிரின்ட்டை (போர்டில் பாகம் உட்காரும் அமைப்பு) தேர்ந்தெடுங்கள். சாதாரண இன்லைனில் கால்களுக்கு இடையே 1.27 மி.மீ.தான், வீட்டில் அரிக்கும்போது பேட்கள் (கால்களைச் சால்டர் செய்யும் செம்பு வட்டங்கள்) ஒட்டிக்கொள்ளும். வைடில் 2.54. தட்டையான முகம் நம்மைப் பார்க்க, பிசி547இன் கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். கையில் இருப்பது 2என்3904 என்றால் வரிசை தலைகீழ்.

'எஃப்8' அழுத்தினால் பாகங்கள் போர்டுக்கு வரும். டிராக்குகள் (பாகங்களை இணைக்கும் செம்புக் கோடுகள்) எல்லாம் கீழ்ப்பக்கச் செம்பில் (பி.சியு) மட்டும். சிக்னலுக்கு 0.8 மி.மீ. அகலம், பம்பு லைனுக்கு (ரிலேயிலிருந்து ஸ்க்ரூ டெர்மினலுக்குப் போவது) 2, இடைவெளி 0.5, பேட் விட்டம் 2. ஒரு டிராக்குக்கு வழியே கிடைக்காவிட்டால் மேலே ஒரு ஜம்பர் வயர் போடுங்கள். காலி இடங்களை கிரவுண்ட் செம்பால் நிரப்பினால் அரிக்கும் கரைசல் மிச்சமாகும்.

3. அச்சு

வீட்டுப் போர்டுகள் அதிகம் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். லேசர் பிரின்டர் மட்டுமே உதவும். இங்க்ஜெட் மை செம்பில் ஒட்டாது. பளபளப்பான தாளில், அளவு 1:1. பிரின்டர் அமைப்பில் 'ஃபிட் டு பேஜ்' இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அச்சிடும்போது கண்ணாடிப் பிம்பத் தேர்வை ('மிரர்') போடக் கூடாது. கீழ்ப்பக்கச் செம்பை மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பது போலத்தான் கைகேட் காட்டுகிறது. தாளைச் செம்பின் மீது கவிழ்க்கும்போது அது தானாகத் திரும்பிவிடும். சோதிக்க, பி.சியு லேயரில் ஓர் எழுத்தைச் சேருங்கள். தாளில் அது இடவலம் மாறித் தெரிந்தால் சரி. பிறகு ரிலேயைத் தாளில் வைத்து, ஐந்து கால்களும் பேட்களில் விழுகின்றனவா என்று பாருங்கள். விழாவிட்டால் மேலே போகாதீர்கள்.

4. ஒட்டி அரித்தல்

செம்பைப் பச்சை நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அதன்பின் விரல் படக் கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் டோனர் (லேசர் பிரின்டரின் மைப்பொடி) பிடிக்காது. அச்சிட்ட பக்கம் செம்பில் படும்படி தாளைக் கவிழ்த்து, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை காட்டன் சூட்டில், நீராவி இல்லாமல், 3 நிமிடம் அழுத்துங்கள். தேய்த்து நகர்த்தினால் கோடுகள் வழியும். ஆறியபின் 15 நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, தாளை விரலால் உருட்டி எடுங்கள். விட்டுப்போன கோடுகளை பர்மனென்ட் மார்க்கரால் நிரப்பலாம்.

ஃபெரிக் குளோரைடு பொடியைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். பொடியின் மேல் தண்ணீர் ஊற்றினால் கடும் சூடு கிளம்பும். பிளாஸ்டிக் தட்டு, கையுறை, கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். வெதுவெதுப்பான கரைசலில் தட்டை ஆட்டிக்கொண்டே இருங்கள். 10 முதல் 30 நிமிடம் ஆகும். செம்பு கலந்த கரைசலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், பாட்டிலில் மூடி வைத்து மீண்டும் பயன்படுத்துங்கள்.

5. துளை, சால்டர், சோதனை

ரெசிஸ்டருக்கு 0.8, டையோடுக்கு 1, ரிலேக்கும் டெர்மினலுக்கும் 1.3 மி.மீ. துளை. உயரம் குறைந்த பாகங்களை முதலில் சால்டர் செய்யுங்கள், ரிலே கடைசி.

மின்சாரம் தரும் முன் மல்டிமீட்டரில் 5 வோல்ட்டுக்கும் கலெக்டருக்கும் இடையே சுமார் 70 ஓம் காட்ட வேண்டும். சிக்னல் கொடுத்தும் 'டிக்' சத்தம் வராவிட்டால் பேஸை அளந்து பாருங்கள். 0.7 வோல்ட் சரியான அளவு. பூஜ்ஜியம் என்றால் 1 கிலோ ஓமுக்கு வரும் டிராக் அறுந்திருக்கும். 4.5 வோல்ட் காட்டினால் எமிட்டர் கிரவுண்டைத் தொடவில்லை. அந்த சால்டரை மறுபடி சூடாக்குங்கள்.