சொல்லொப்புமை தற்செயலா என்று சோதிப்பது எப்படி?

பாரசீகத்தின் 'பத்', ஆங்கிலத்தின் 'பேட்' ஆகிய இரண்டுக்கும் 'கெட்ட' என்பதே பொருள். எனினும் அவற்றிடையே பிறப்புறவு இல்லை. ஆர்மீனியத்தின் 'எர்கு', லத்தீனின் 'துவோ' இரண்டும் ஒலியில் சிறிதும் ஒவ்வாதபோதும், 'இரண்டு' என்னும் பொருளுடைய ஒரே மூலச்சொல்லிலிருந்து வந்தவை. எனவே செவிக்குப் பட்ட ஒப்புமையை நம்பாமல், பின்வருமாறு எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒப்பிடவிருக்கும் பொருள்களை, அகராதியைத் திறக்கும் முன்பே முடிவுசெய்துவிடுங்கள். மொழியியலாளர் மாரிஸ் ஸ்வாதேஷ் வகுத்த 100 அடிப்படைச் சொற்களின் பட்டியல் இதற்குப் போதும். பெரும்பாலான பிழைகள் இந்த இடத்தில்தான் நுழைகின்றன. ஒரு பொருளுக்கு ஒரு சொல் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு 4 விழுக்காடு என்று கொண்டால், 100 பொருள்களில் சுமார் 4 பொருத்தங்கள் இயல்பாகவே கிடைக்கும். 'கண்' என்பதற்கு ஈடாகப் 'பார்வை', 'முகம்', 'ஒளி' என்று 10 சொற்கள் வரை தேட இடங்கொடுத்தாலோ, அந்த எண்ணிக்கை 33ஐத் தாண்டிவிடும். 1905இல் ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கச் சமயப் பணியாளர் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் வெளியிட்டார். இன்று இணையத்தில் உலவும் தமிழ்–கொரியப் பட்டியல்களோ பொருத்தங்களை மட்டும் காட்டி, எத்தனை சொற்களைத் துழாவி அவற்றைப் பொறுக்கினார்கள் என்பதைச் சொல்வதே இல்லை.

அடுத்து, அம்மா, அப்பா போன்ற மழலைச் சொற்களையும் ஒலிக்குறிப்புகளையும் அறிந்த கடன்சொற்களையும் நீக்குங்கள். எஞ்சியவற்றில் முதல் மெய் ஒத்துவரும் இணைகளை எண்ணுங்கள்; 11 வந்ததாகக் கொள்வோம். பிறகு ஒரு மொழியின் சொற்களை மட்டும் சீட்டுக் குலுக்குவதுபோல் இடம் மாற்றி, பொருளைப் பொருட்படுத்தாமல் மீண்டும் எண்ணுங்கள். இதனைக் கணினியில் 1000 முறை செய்து, 5 முறை மட்டுமே 11ஐ எட்டினால், தற்செயல் என்னும் விளக்கம் வலுவிழக்கிறது. குலுக்கினாலும் ஒவ்வொரு மொழியிலும் ஒலிகள் வரும் விகிதம் மாறாது என்பதே இம்முறையின் சிறப்பு.

ஆனால் 200 மொழிகளோடு ஒப்பிட்டு, மிகவும் பொருந்தியதை மட்டும் அறிவிப்பவருக்கு, தற்செயலாய் நேரும் வாய்ப்பு 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பிட்டாலும், உறவற்ற சுமார் 2 மொழிகள் தேறிவிடும். கடனாக வந்த ஒப்புமையையும் மரபுவழி ஒப்புமையையும் இக்கணக்கு பிரித்துக் காட்டாது. அதற்கு ஒலியிணைகளைத் தனித்தனியே ஆராய வேண்டும். பால்–ஹாலு, பல்–ஹல்லு, புலி–ஹுலி, பத்து–ஹத்து எனத் தமிழின் பகரத்துக்கு நேராகக் கன்னடத்தில் ஹகரம் அடுக்கடுக்காக வருகிறது. ஒத்த ஒலிகளை மட்டும் எண்ணியிருந்தால் இந்நான்கும் விடுபட்டிருக்கும்.