எபிடியூரலில் துணை மருந்து சேர்ப்பது எப்படி?

மயக்கவியல் பயிற்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இது. எபிடியூரல் என்பது தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாய் (கதீட்டர்) வைத்து மருந்து செலுத்துவது. மூத்தவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் செய்யுங்கள்.

படி 1: எதற்கு என்று முடிவெடுங்கள்

மரக்கவைக்கும் மருந்தான புபிவகெய்ன் மட்டும் கொடுத்தாலே மரத்துப்போகும். ஆனால் குடலைப் பிடித்து இழுக்கும்போது நோயாளி முகம் சுளிப்பார். அதற்கு ஃபென்டனில் என்ற ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து). கொழுப்பில் கரைவதால் பத்து நிமிடத்தில் வேலையைக் காட்டும், சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மறுநாள் வரை வலி தெரியக்கூடாதென்றால் மார்ஃபின், இதுவும் ஓபியாய்டுதான். அது நீரில் கரையும் ரகம். தண்டுவட நீரிலேயே தங்கி மெல்ல மூளைப் பக்கம் ஏறும். அதனால் பல மணி நேரம் கழித்தும் மூச்சு மந்தமாகலாம். 24 மணி நேரம் கண்காணிக்க வார்டில் ஆள் இல்லையென்றால் நான் மார்ஃபினைத் தொடமாட்டேன். டெக்ஸ்மெடிடோமிடின் மரப்பை நீட்டும், கூடவே நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கும்.

படி 2: லேபிளை வாசியுங்கள்

பதனப்பொருள் சேர்க்காத ஆம்பூல்தான் வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

படி 3: கணக்குப் போட்டுக் கலக்குங்கள்

0.5 சதவீத புபிவகெய்ன் என்றால் 1 மி.லி.யில் 5 மி.கி. அதில் 14 மி.லி. எடுத்தால் 70 மி.கி. 60 கிலோ நோயாளிக்கு, கிலோவுக்கு 2 மி.கி. என்று பார்த்தால் உச்சவரம்பு 120 மி.கி. சரி, உள்ளேதான் இருக்கிறோம். இதோடு ஃபென்டனில் 1 மி.லி., அதாவது 50 மைக்ரோகிராம். மொத்தம் 15 மி.லி. ஃபென்டனிலை 1 மி.லி. சிரிஞ்சில் தனியாக இழுத்துச் சேர்த்தால் அளவு தப்பாது. கலந்த கையோடு சிரிஞ்சில் பெயரும் அளவும் எழுதி ஒட்டுங்கள்.

லிக்னோகெய்ன் என்ற இன்னொரு மரப்பு மருந்தில் சோடா பைகார்ப் விடுவதைப் பார்த்துவிட்டு, அதே அளவை ஒருமுறை புபிவகெய்னில் விட்டேன். கண்ணெதிரே கலங்கி, வெள்ளைத் துகள் படிந்தது. அப்படியே கொட்டினேன்.

படி 4: சோதித்து, மெதுவாகச் செலுத்துங்கள்

கதீட்டரை உறிஞ்சிப் பாருங்கள். பிறகு அட்ரினலின் கலந்த 1.5 சதவீத லிக்னோகெய்ன் 3 மி.லி. ஒரு நிமிடத்துக்குள் நாடி எகிறினால் கதீட்டர் ரத்தக்குழாயில் இருக்கிறது. சில நிமிடத்தில் கால் கனத்துப்போனால் தண்டுவட நீருக்குள். இரண்டும் இல்லையென்றால், கலவையை 5 மி.லி. வீதம் இடைவெளி விட்டு, ஒவ்வொரு முறையும் உறிஞ்சிப் பார்த்துக் கொடுங்கள்.

அப்புறம், எந்த ஓபியாய்டு, எத்தனை மணிக்கு என்று கேஸ் ஷீட்டில் பெரிதாக எழுதுங்கள். இல்லையென்றால் இரவுப் பணியில் இருப்பவர் வலிக்கு இன்னொரு ஓபியாய்டு ஊசி போட்டுவிடுவார்.