கீசரில் வெந்நீர் வரவில்லையா? கீழே நின்றே கண்டுபிடிக்கலாம்

தென்னாப்பிரிக்காவில் ஆடிக் கூழ் ஊற்றும் சமயம்தான் குளிர்காலம். டர்பனின் சாட்ஸ்வொர்த் ஆனாலும் ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியா ஆனாலும் அந்த நேரத்தில் கீசர் மக்கர் செய்தால் வீடே தவித்துப்போகும். அழைக்க வேண்டியது ப்ளம்பரையா, எலெக்ட்ரீஷியனையா என்று தெரிந்துகொண்டாலே வீண் செலவு குறையும். அதற்காகக் கீசர் இருக்கும் சீலிங்குக்குள் ஏற வேண்டாம்.

முதலில் கணக்கு. 150 லிட்டர் கீசர், தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் 3 கிலோவாட். 15 டிகிரி தண்ணீர் 60 டிகிரிக்கு வர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மின்வெட்டு முடிந்து இப்போதுதான் கரண்ட் வந்திருந்தால், பழுது என்று முடிவு கட்டாமல் காத்திருங்கள்.

அப்புறம் வீட்டின் மின் சுவிட்சுகள் எல்லாம் இருக்கும் டிபி போர்டைத் திறந்து பாருங்கள். கீசர் சுவிட்ச் விழுந்திருந்தால் ஒரே ஒரு முறை தூக்கிவிடலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். எர்த் லீக்கேஜ், அதாவது கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்து வீடு முழுக்க இருட்டானால், கீசர் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு எர்த் லீக்கேஜைத் தூக்குங்கள். அது மறுபடி விழாமல் நின்றால் கோளாறு கீசர் பக்கம்தான். பெரும்பாலும் எலிமென்ட் வெடித்து உள்ளே தண்ணீர் புகுந்திருக்கும்.

எந்தச் சுவிட்சும் விழவில்லை, ஆனாலும் தண்ணீர் பச்சைத்தண்ணீராகவே வருகிறதா? ப்ரீபெய்ட் மீட்டர் இருந்தால் நல்லது. மெயினையும் எர்த் லீக்கேஜையும் விட்டுவிட்டு மற்ற சுவிட்சுகளை எல்லாம் அணைத்து, கீசரை மட்டும் போடுங்கள். மீட்டரின் சின்ன விளக்கு படபடவென்று சிமிட்டினால் எலிமென்ட் கரண்ட் இழுக்கிறது. சிமிட்டாவிட்டால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அல்லது எலிமென்ட் போயிருக்கலாம். தெர்மோஸ்டாட்டில் சூடு மிஞ்சினால் தானே துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்பு உண்டு. அதைத் திரும்பப் போடுவதும் எலெக்ட்ரீஷியன் வேலை, ஏனென்றால் மூடியைத் திறந்தால் 230 வோல்ட்.

இனி வெளியே போய்க் கூரை ஓரத்தைப் பாருங்கள். கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்களில் எதிலிருந்து சொட்டுகிறது என்பதே பாதி விடை. சூடேறும்போது தண்ணீர் விரியும், அதனால் கொஞ்சம் சொட்டுவது இயல்பு. நாள் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஒழுகினால், உள்ளே வரும் தண்ணீரின் அழுத்தத்தைக் குறைக்கும் பிரஷர் வால்வு தேய்ந்திருக்கலாம். ப்ளாஸ்டிக் குழாயில் வந்தால் அது பெரும்பாலும் கீசருக்கு அடியில் உள்ள தட்டிலிருந்து வருகிறது: தொட்டியோ இணைப்போ கசிகிறது. கீசர் சுவிட்சை அணைத்து, தண்ணீர் மெயினை மூடிவிட்டு ப்ளம்பரை அழையுங்கள்.

உலோகக் குழாயில் ஆவியோ கொதிநீரோ பீறிட்டால் கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். உடனே கீசர் சுவிட்சை அணையுங்கள். தெர்மோஸ்டாட் அணையாமல் சிக்கிக்கொண்டு, பாதுகாப்பு வால்வு திறந்திருக்கலாம். ஒழுகுகிறதே என்று அந்தக் குழாயை அடைத்து வைக்கும் வேலையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அழுத்தம் போக வழியில்லாமல் தொட்டியே வெடித்து, கூரையைப் பிய்த்துவிடும்.

வெந்நீர் மட்டும் மெல்லிசாக வந்தால் பிரஷர் வால்வின் சல்லடை அடைத்திருக்கலாம். வெந்நீர், பச்சைத்தண்ணீர் இரண்டுமே மெல்லிசு என்றால் முதலில் தெருவில் தண்ணீர் சரியாக வருகிறதா என்று கேளுங்கள். வெந்நீர் துருநிறமாக வந்தால் தொட்டியைத் துருவிலிருந்து காக்க உள்ளே இருக்கும் மெக்னீசியக் கம்பி கரைந்து தீர்ந்திருக்கலாம். சீக்கிரம் மாற்றினால் தொட்டி பிழைக்கலாம்.

தொட்டி வெடித்திருந்தால், ப்ளம்பர் கை வைப்பதற்கு முன் வீட்டுக் காப்பீட்டுக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஈரமான சீலிங்கைப் படம் எடுத்தும் வையுங்கள்.