போலக்ஸின் அருகே ஒரு புள்ளி விழுந்த விண்மீன்: மாற்றத்தை அளக்கும் முறை

அப்புத்தளைப் பக்கம் தை பாதியில் மழை ஓய்ந்தால், பங்குனி வரை தேயிலை மலைக்கு மேலே வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். லயத்து இஸ்தோப்பில் நின்றே ஒரு பெருவிண்மீனின் கரும்புள்ளிகளைப் பின்தொடரலாம் என்று சொன்னால் என் மாணவர்கள் முதலில் நம்புவதில்லை. மூன்று பருவங்களாக நான் அதைத்தான் செய்துவருகிறேன்.

புனர்பூசத்தின் இரட்டையரான போலக்ஸையும் கேஸ்டரையும் பிடியுங்கள். பிரகாசமானது போலக்ஸ். அங்கிருந்து கேஸ்டரை நோக்கிக் கால்வாசித் தூரம்கூடப் போக வேண்டாம். ஒரு பாகையில் மங்கலாக நிற்பதே நாம் பின்தொடரும் பெருவிண்மீன், சிக்மா ஜெமினோரம். மாசித் தொடக்கத்தில் இரவு பத்து மணியளவில் அது வடக்கே உயரத்தில் இருக்கும். தைப்பூச முழுநிலவு மிக அருகில் வந்துவிடும் என்பதால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று இரவுகளை விட்டுவிடுங்கள்.

சூரியனைவிடச் சுமார் 10 மடங்கு அகலமான விண்மீன் இது. இவ்வளவு பருத்தவை மெதுவாகத்தான் சுழலும். இதற்கோ அருகிலேயே ஒரு துணை விண்மீன் உண்டு. அதன் ஈர்ப்பு இதை 19.6 நாளுக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் கட்டிவைத்திருக்கிறது. அந்தச் சுழற்சியால் வலுத்த காந்தப்புலம், உள்ளிருந்து வெப்பத்தை ஏற்றிவரும் மேற்காவுகையைத் தடுக்கும் இடங்கள் குளிர்ந்து கருக்கின்றன. கருத்த பக்கம் நம்மைப் பார்க்கும்போது ஒளி குறைகிறது. ஒளித்தரம் (எண் கூடினால் மங்கல்) 4.13க்கும் 4.29க்கும் இடையில்தான் ஊசலாடும், பல பருவங்களில் அதைவிடக் குறைவாகவே. வெறுங்கண்ணால் இதை நம்பகமாக அளக்க முடியாது, கமரா வேண்டும்.

பழைய டிஎஸ்எல்ஆர், 50 மில்லிமீற்றர் வில்லை, முக்காலி போதும். குவியத்தைச் சற்றே கலைத்து, ஐந்து விநாடி வீதம் இருபது படங்களை, கமரா மாற்றாத மூலப் படமான ரா கோப்பாக எடுங்கள். பனி வில்லையில் படியும். ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் டோர்ச் அடித்துப் பாருங்கள். பிறகு சிரில் போன்ற இலவச மென்பொருளில் பச்சை நிறத்தை மட்டும் பிரித்து, அதே கூட்டத்தில் ஒளி மாறாத விண்மீனான அயோட்டா ஜெமினோரத்தோடு ஒப்பிட்டு அளந்து, இருபதின் சராசரியை எடுங்கள். அயோட்டாவுக்கும், கப்பா ஜெமினோரம் என்ற இன்னொரு ஒப்பீட்டு விண்மீனுக்கும் உள்ள வித்தியாசத்தையும் கூடவே அளக்க வேண்டும். அது அசைந்தால் அன்றைய இரவின் கணக்கு செல்லாது.

இரண்டாம் பருவத்தில் நான் ஒப்பீட்டு விண்மீனை மாற்றினேன். உப்சிலன் ஜெமினோரம் கிட்டத்தட்ட அதே பிரகாசம் என்பதால் அது நல்லது என்று நினைத்தேன். ஆனால் அது மிகச் சிவந்தது. கமராவின் பச்சைக்கு அதன் ஒளி வேறு விதமாகப் படுகிறது. புள்ளி மாறிவிட்டது என்று மகிழ்ந்த எனக்கு, மாறியது என் அளவுகோல்தான் என்று தெரிய ஒரு மாதம் ஆனது. நிறம் ஒத்த விண்மீனையே பிடித்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்துக்கு, எண்ணத் தொடங்கும் ஒரு பூச்சிய நாளை வைத்து, கழிந்த நாட்களை 19.6ஆல் வகுத்துத் தசமப் பகுதியை மட்டும் எடுத்து, அதற்கு எதிரே அன்றைய ஒளியைக் குறியுங்கள். 49ஆம் நாள் என்றால் 2.5; தசமப் பகுதி 0.5, அதாவது அரைச் சுற்று. ஒரு பருவத்தில் மூன்று சுற்றுகளளவு கிடைக்கும். ஒரே பள்ளம் என்றால் ஒரு பக்கம் கூடுதலாகக் கருத்திருக்கிறது. இரண்டு பள்ளம் என்றால் புள்ளிகள் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கக்கூடும். துணையின் இழுவையால் விண்மீன் சற்று நீண்டிருப்பதும் சுற்றுக்கு இரண்டு சிறு பள்ளங்களைத் தரும். ஆனால் அவை ஆண்டுதோறும் அப்படியே இருக்கும்; புள்ளியின் பள்ளம்தான் ஆழம் மாறும், இடம் நகரும். புள்ளி துருவத்துக்கு அருகிலா, நடுக்கோட்டிலா என்பதை இந்த வளைவு சொல்லாது.

எக்ஸ்எக்ஸ் டிரையாங்குலி என்ற இன்னொரு பெருவிண்மீனை ஆஸ்திரிய வானியலாளர் கிளாஸ் ஸ்ட்ராஸ்மையரின் குழு 16 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2024இல் முடிவை வெளியிட்டது. சூரியனுக்கு இருப்பதுபோல ஆண்டுக்கணக்கில் புள்ளிகள் ஒழுங்காகக் கூடிக் குறையும் போக்கு அங்கே தென்படவில்லை. புள்ளிகள் அடுத்து என்ன செய்யும் என்று சொல்ல முடியாதபோது, பருவங்களை ஒப்பிட ஒரே தொடக்கம் வேண்டும். அதனால்தான் பூச்சிய நாளை எந்தப் பருவத்திலும் மாற்றாதீர்கள் என்கிறேன். என்னுடையது கொப்பி அட்டையின் உட்புறத்தில், அயோட்டாவின் பெயருக்குக் கீழே எழுதியிருக்கிறது.