ஸ்கிரட்ச் செய்நிரலில் பிழை தேட லிட்டர்பொக்ஸ்: வன்னிப் பாடசாலைகளுக்கு

ஒரு ஆசிரியர், முப்பது பிள்ளைகள், எல்லாரும் ஒரே நேரத்தில் "வேலை செய்யுதில்லை சேர்". இந்த நேரத்தில்தான் பிழை தேடும் தானியங்கிக் கருவி கை கொடுக்கும். பிள்ளைகள் பிளாக்குகளைக் கோத்துச் செய்நிரல் எழுதும் ஸ்கிரட்சுக்கு எங்கள் முதல் தெரிவு லிட்டர்பொக்ஸ். ஜெர்மனியின் பசாவ் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். இணையம் இல்லாமலே ஓடும் என்பதுதான் மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கம் பெரிய வசதி. அதை ஓட்டத் தேவையான ஜாவா மென்பொருளையும் லிட்டர்பொக்ஸின் ஜார் (.jar) கோப்பையும் சிக்னல் உள்ள இடத்தில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோனால் போதும்.

பிள்ளைகளின் ஸ்கிரட்ச் செய்நிரல்கள் சேமிக்கப்பட்ட எஸ்பி3 (.sb3) கோப்புகளை ஒரே ஃபோல்டரில் போடுங்கள். கட்டளைச் சாளரத்தில் ஜார் கோப்பை ஓட்டி, சோதிக்கவேண்டிய ஃபோல்டரையும் குறிப்பு ஒட்டிய பிரதிகள் சேரவேண்டிய வேறொரு ஃபோல்டரையும் கொடுங்கள். கட்டளை எழுதும் முறை பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் முதலில் உதவிப் பக்கத்தைப் பாருங்கள். கிடைக்கும் பிரதியை ஸ்கிரட்சில் திறந்தால், சந்தேகமான பிளாக்கோடு ஒரு குறிப்பு ஒட்டியிருக்கும்.

யானை வேலியை வைத்து ஒரு விளையாட்டு என்று வைப்போம். யானை x = -200 இல் தொடங்குகிறது. "x = 200 ஆகும் வரை, x ஐ 7 ஆல் மாற்று" என்று பிள்ளை எழுதியிருக்கிறது. 57ஆவது தடவையில் x 199, அடுத்ததில் 206. 200 வரவே வராது. யானை விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்க, லூப் முடியாமல் ஓடும். லிட்டர்பொக்ஸ் இந்தச் சமன்குறியைப் பிடித்துவிடும். திருத்தம்: x > 199.

இன்னொன்று, புதியவர்களிடம் அடிக்கடி காண்பது: பச்சைக்கொடிக்குக் கீழே "வேலியைத் தொட்டால் மணி அடி" என்று மட்டும் இருக்கும். கொடியை அழுத்திய கணத்தில் ஒரு தடவைதான் அது பார்க்கப்படும்; அப்போது யானை வேலிக்குத் தூரத்தில் நிற்கும். "எப்போதும்" லூப்புக்குள் வைத்தால் சரி. "மணி" என்ற செய்தியை அனுப்பிவிட்டு "மணி1" க்குக் காத்திருந்தால் இரண்டு குறிப்பு வரும்: அனுப்பியதை யாரும் பெறவில்லை, பெறக் காத்திருப்பதை யாரும் அனுப்பவில்லை. பிழை ஒன்றுதான்.

குறிப்புகள் ஆங்கிலத்தில் வரும். அப்படியே பிள்ளையிடம் நீட்டாதீர்கள். ஒன்றை மட்டும் எடுத்து, "57ஆவது தடவையில் x எவ்வளவு?" என்று கேள்வியாகக் கேளுங்கள். பிள்ளை தாளில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் திருத்தம்தான் மனதில் நிற்கும்.

டொக்டர் ஸ்கிரட்ச் என்ற இன்னொரு கருவி வேறு வேலை செய்வது. இணையத்தில் கோப்பை ஏற்றினால் ஒவ்வொரு திறனுக்கும் புள்ளி போட்டு மதிப்பிடும். அதைப் பரீட்சைப் புள்ளியாகப் போடுவது அநியாயம். தேவையில்லாத பிளாக்குகளைச் சேர்த்தாலும் புள்ளி ஏறும்.

யானை விளையாட்டில் நெல் இழப்பை எண்ணும் "இழப்பு" என்ற மாறியைக் கூட்டவேண்டிய இடத்தில் கழித்திருந்தால் லிட்டர்பொக்ஸ் வாய் திறக்காது. பிள்ளை என்ன நினைத்தது என்று அதற்குத் தெரியாது. இப்படியான பிழைக்குப் பசாவ் பல்கலைக்கழகத்தின் விஸ்கர் என்ற கருவி இருக்கிறது: "வேலியைத் தொட்டதும் இழப்பு 1 கூடவேண்டும்" என்பதுபோல ஆசிரியர் எழுதும் சோதனைகளைச் செய்நிரலை ஓட்டியே பார்க்கும். மாறியின் பெயர் எல்லாப் பிள்ளைகளிடமும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கவேண்டும். ஆகவே பாதி கட்டிய கோப்பை நீங்களே கொடுத்துத் தொடங்க வையுங்கள்.