வாயோடு ஒட்டிக்கொண்ட சொற்களைக் களைவது எப்படி?

நம் பேச்சில் அளவுக்கு மீறி வரும் சொல் எதுவென்று பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை. எதிரில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே முதல் வேலை, நம் பேச்சை நாமே கேட்பது. அன்று நடந்த ஏதாவது ஒன்றை நண்பருக்குச் சொல்வதுபோல் ஐந்து நிமிடம் பேசி, கைபேசியில் பதிவு செய்யுங்கள். அதில் ஒரு நிமிடப் பேச்சை மட்டும் எடுத்து, எதையும் திருத்தாமல் சொல்லுக்குச் சொல் தாளில் எழுதுங்கள். நான் அப்படி எழுதியபோது கிடைத்த வாக்கியம் இது: "கூட்டம் வந்து நாளைக்கு வந்து பத்து மணிக்கு வந்து ஆரம்பிக்குது." மூன்று 'வந்து'வையும் அடித்துவிட்டுப் படித்தேன், பொருள் சிறிதும் குறையவில்லை.

அகப்பட்ட சொற்கள் எல்லாவற்றையும் குற்றமென்று ஒதுக்க வேண்டியதில்லை. ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ ஆகிய உளவியலாளர்கள் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலப் பேச்சில் இடையிடையே வரும் 'அஹ்', 'அம்' என்னும் ஒலிகள் சிறிய தாமதத்தையும் பெரிய தாமதத்தையும் கேட்பவருக்கு முன்கூட்டியே உணர்த்துகின்றன என்று வாதிட்டனர். தமிழ் இலக்கணமும் தனிப்பொருள் இல்லாமல் வரும் சொல்லுக்கு அசைநிலை என்று பெயரிட்டு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அடுக்கும் நன்னூல், கூறியது கூறலையும் மிகைபடக் கூறலையும் அவற்றில் சேர்த்திருக்கிறது. எப்போதாவது வரும் 'அதாவது' யாரையும் உறுத்தாது. ஒவ்வொரு வாக்கியமும் அதைக் கொண்டே தொடங்கினால், கேட்பவர் செய்தியை விட்டுவிட்டு அந்தச் சொல்லை எண்ணத் தொடங்கிவிடுவார்.

களைய வேண்டிய சொல் எதுவென்று முடிவானதும், அதற்கு மாற்றுச்சொல் தேடாதீர்கள். பலரும் தவறுவது இங்கேதான். 'ஆக்சுவலா' என்பதை விட்டுவிட்டு 'உண்மையில்' என்று தொடங்கினால் சொல் தமிழாகும், பழக்கம் அப்படியே இருக்கும். அந்தச் சொல் வரும் இடத்தில் வாயை மூடி, ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருங்கள். நமக்கு நெடுநேரமாகத் தோன்றும் அந்த இடைவெளி கேட்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. ஒரே நேரத்தில் ஐந்தாறு சொற்களோடு போராடாமல், வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது நல்லது.

பாராட்டுச் சொற்களுக்கு இந்த வழி போதாது. கண்டதற்கெல்லாம் 'வேற லெவல்' என்றால், உண்மையிலேயே நெஞ்சைத் தொட்டதைச் சொல்ல வார்த்தை மிஞ்சாது. பாட்டு பிடித்திருந்தால், இரண்டாவது சரணத்தில் குரல் தணிந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள். பாடியவர் அதை நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்.

எழுத்தில் வேறு வகைச் சொற்கள் ஒட்டிக்கொள்கின்றன. 'என்பது குறிப்பிடத்தக்கது' என்று முடியும் வாக்கியங்களை எல்லாம் தேடி, அந்த இரு சொற்களையும் நீக்கிப் பாருங்கள். 'நூலகம் நாளை திறக்காது என்பது குறிப்பிடத்தக்கது' என்பதில் படிப்பவருக்கு வேண்டியது 'நூலகம் நாளை திறக்காது' என்பது மட்டுமே. 'சரிசெய்யும் பணி மேற்கொள்ளப்பட்டு வருகிறது' என்று எழுத வரும்போது, யார் செய்கிறார், எப்போது முடியும் என்று உங்களையே கேளுங்கள். விடை தெரிந்தால் அதை எழுதுங்கள். தெரியாவிட்டால் விசாரித்து எழுதுங்கள். 'இன்றைய அவசர உலகில்' என்று தொடங்கும் முதல் பத்தியை முழுவதுமாக நீக்கிவிடலாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருபவை, மனத்தைப் புண்படுத்தும் தொடர்கள். 'தப்பா நினைச்சுக்காதீங்க' என்று ஒருவர் தொடங்கினாலே கேட்பவர் அடிவாங்கத் தயாராகிவிடுகிறார். அந்த முன்னுரையை விட்டுவிட்டு, சொல்ல வந்ததையே கனிவாகச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். வாக்கியத்துக்கு ஒருமுறை 'புரியுதா?' என்று கேட்டால், எதிரில் இருப்பவரின் அறிவை ஐயப்படுவதுபோல் ஆகிவிடும். 'நான் சரியாச் சொன்னேனா?' என்று கடைசியில் ஒருமுறை கேட்டால் அந்தப் பொறுப்பு நம்மிடம் வந்துவிடும். 'நான் அப்பவே சொன்னேன்' என்பதைச் சொல்ல ஏற்ற நேரம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிறருடைய பழக்கத்தைத் திருத்த வேண்டுமானால், நாலு பேர் முன்னிலையில் இடைமறித்துச் சொல்லாதீர்கள். தனியாக இருக்கும்போது உங்கள் சொல் ஒன்றை முதலில் சொல்லி, அது வரும்போதெல்லாம் விரலால் மேசையைத் தட்டும்படி கேட்டுக்கொள்ளுங்கள். விருப்பமிருந்தால் அவரே தம் சொல்லையும் சொல்வார்.