எலுமிச்சை உப்பும் ஆப்ப சோடாவும்: வீட்டில் சோடியம் சிட்ரேட் செய்வது எப்படி

நான் 22 வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ரத்தம் உறையும் நேரம் பார்க்கும் நீல மூடிக் குழாயின் அடியில் 0.3 மில்லி தெளிந்த நீர் நிற்கும். அது 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் கரைசல். அதே உப்பு என் சமையலறை அலமாரியிலும் ஒரு பாட்டிலில் இருக்கிறது, மகளுக்குச் சீஸ் சாஸ் செய்ய. இரண்டு இடத்திலும் அது பார்ப்பது ஒரே வேலைதான்: கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு, லெமன் சால்ட் என்று தருவது சிட்ரிக் அமிலம். பெயரில்தான் உப்பு, நாக்கில் வைத்தால் கூசுகிற புளிப்பு. அதன் புளிப்பை ஆப்ப சோடாவால் முறித்தால் கிடைப்பதுதான் நமக்கு வேண்டிய சோடியம் சிட்ரேட். அது லேசாக உப்புக் கரிக்கும்.

50 கிராம் எலுமிச்சை உப்பு, 60 கிராம் ஆப்ப சோடா, 150 மில்லி தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கிங் பவுடரோ, துணி துவைக்கும் சோடாவோ ஆகாது. லேபில் இருக்கும் கெமிக்கலை எந்தக் காரணத்துக்கும் சமையலுக்கு எடுக்காதீர்கள். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், அலுமினியம் வேண்டாம். குறைந்தது 2 லிட்டர் பிடிக்கிற பாத்திரம் வேண்டும். இந்த அளவுக்கே 17 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். முதல் தடவை சின்னப் பாத்திரத்தில் சோடாவை மொத்தமாகக் கொட்டினேன். நுரை பொங்கி அடுப்பு மேடை முழுக்க வழிந்தது, பாதிச் சரக்கு போய்விட்டது. ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

எலுமிச்சை உப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் முழுசாகக் கரைத்து, சோடாவை அரை டீஸ்பூன் அரை டீஸ்பூனாகப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் நுரை அடங்கட்டும். கரைசல் சில்லென்று ஆகும். வினை வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் அப்படி, பயம் வேண்டாம். கடைசியில் சிறு தீயில் சூடாக்கினால் மிச்ச வாயுவும் போய்விடும்.

இனிதான் கவனம் வேண்டும். பாக்கெட்டில் இருப்பது நீர் சேர்ந்த சிட்ரிக் அமிலமா, நீரற்றதா என்று பல நேரம் போட்டிருக்காது. நீரற்றது என்றால் 65 கிராம் சோடா பிடிக்கும். ஆகவே தராசை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு ஸ்பூன்களில் கொஞ்சம் கரைசல் எடுங்கள். ஒன்றில் ஒரு சிட்டிகை சோடா: நுரைத்தால் அமிலம் மிச்சம். இன்னொன்றில் ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு: நுரைத்தால் சோடா மிச்சம். இரண்டும் சும்மா இருந்தால் சரி. பிஹெச் தாளில் 8 பக்கம் காட்டும். ஆனால் சோடா கரைசலும் அதே பக்கம்தான் காட்டும் என்பதால் நான் நுரையைத்தான் நம்புவேன்.

கரைசலாக வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சிறு தீயில் சுண்டவைத்து, கெட்டியானதும் அகலத் தட்டில் பரப்பி, மெல்லிய துணி மூடி வெயிலில் காயவையுங்கள். 70 கிராம் அளவுக்கு வெள்ளைத் தூள் கிடைக்கும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, கால்சியம் நிறைந்த உப்புப் போர் தண்ணீர் போதும். அதை இரண்டு பாட்டிலில் 250 மில்லி வீதம் எடுத்து, ஒன்றில் மட்டும் கால் டீஸ்பூன் சிட்ரேட்டைக் கரையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினால், சிட்ரேட் இல்லாததில் திரிதிரியாக அழுக்குப்போல மிதக்கும், சிட்ரேட் போட்டதில் நுரை நிற்கும். ஏரி குளங்களில் பாசி பெருகக் காரணமான பாஸ்பேட்டுக்குப் பதிலாகச் சலவைத் தூள்களில் சிட்ரேட்டைச் சேர்ப்பது இதற்காகத்தான்.

சரி, சீஸ் சாஸ். 200 கிராம் செடார் சீஸ், 150 மில்லி பால், 6 கிராம் சிட்ரேட். பாலைச் சூடாக்கி முதலில் சிட்ரேட்டைக் கரையுங்கள், அப்புறம் துருவிய சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கிளறுங்கள். வெறும் சீஸை உருக்கினால் நெய் தனியாக, சக்கை தனியாகப் பிரியும். சீஸின் கேசின் புரதத்தைக் கால்சியம்தான் இறுக்கிக் கட்டியிருக்கிறது. சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பறித்ததும் புரதம் நீரில் விரிந்து நெய்யைத் தன்னோடு பிடித்துக்கொள்கிறது. 1911-இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் கெர்பர், ஸ்டெட்லர் இருவரும் எமென்டல் சீஸை இந்த உப்போடு உருக்கித்தான் பதப்படுத்திய சீஸை உருவாக்கினார்கள். உங்கள் சீஸ் கட்டியின் உறையில் 331 என்ற எண் இருந்தால் அது ஏற்கெனவே சேர்ந்துவிட்டது, மறுபடி போட வேண்டாம். அளவு மீறினால் சோப்பு வாடை அடிக்கும்.

ரத்தத்திலும் இதே கதைதான். கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது. 1914-இல் பிரஸ்ஸல்ஸில் உஸ்தேனும், பியூனஸ் அயர்ஸில் அகோதேயும் சிட்ரேட் கலந்த ரத்தத்தை நோயாளிக்கு ஏற்றினார்கள். அதுவரை ரத்தம் கொடுப்பவரும் பெறுபவரும் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருந்தது. இன்றைய ரத்தப் பைகளிலும் சிட்ரேட் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீலக் குழாயில் ரத்தம் 9 பங்கு, சிட்ரேட் 1 பங்கு. முன்பு வேலை பார்த்த ஒரு லேபில் 2.7 மில்லிக்குப் பதில் 2 மில்லி ரத்தத்தோடு ஒரு குழாய் வந்தது, அப்படியே ஓட்டிவிட்டோம். மிச்சமிருந்த சிட்ரேட், பரிசோதனைக்காக நாங்கள் சேர்த்த கால்சியத்தையும் பிடித்துக்கொண்டது. உறையும் நேரம் நீண்டு காட்டியது. ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் நோயாளி அவர். மாத்திரையைக் குறைக்கும் முன் மருத்துவர் மறுபடி எடுக்கச் சொன்னதால் தப்பித்தோம். கோடு வரை நிறையாத குழாயை இப்போது நான் வாங்குவதே இல்லை. பட்டர்ஃபிளை ஊசியில் எடுத்தால் ஊசியோடு சேர்ந்த மெல்லிய ட்யூபில் இருக்கும் காற்று, குழாயில் ரத்தத்தின் இடத்தைப் பிடிக்கும்; அதனால் முதலில் ஒரு வீண் குழாய் போட்டுவிட்டு நீலத்தை மாட்டுங்கள். மூன்று நான்கு தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டிலும் லிட்டருக்கு 2.9 கிராம் சிட்ரேட் உண்டு. முன்பு அதில் ஆப்ப சோடா இருந்தது. வெக்கையிலும் ஈரத்திலும் பாக்கெட் கெட்டுப்போனதால் 1980-களில் மாற்றினார்கள். ஆனால் வயிற்றுப்போக்குக்கும் நீர்க்கடுப்புக்கும் நாம் செய்த தூளைக் கரைத்துக் குடிக்கக் கூடாது. ஒரு கிராமில் 235 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது, ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் சாஸையே அளவாகத்தான் சாப்பிட வேண்டும்.

காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். பார்வைக்குச் சர்க்கரை போலவே இருக்கும்.